என் பயற்றில் நூல் கோக்க முடியாது

விதை வியாபாரிக்கு நான் பட்ட கடன் எண்பதாயிரம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் பயறு விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்ல இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

தட்டைப்பயறு விதை தருவதாகச் சொல்லி அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தேன். அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பயற்றைப் புதுச் சாக்கில் கட்டி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் வந்து ஒரு மூட்டையைப் பிரித்தார். வண்டு பறந்தது. பயறு முழுக்க ஓட்டை.

"நூல் கொண்டா. கோத்து உன் கழுத்துல மாலையா போட்டுக்க" என்றார். கூலியாட்கள் சிரித்தார்கள். "குப்பை ரூம்ல வச்சா இப்படித்தான். முன்பணம் இனிமே கடன்."

குப்பை ரூமாம்! நான் கழுவி, சுண்ணாம்பு அடித்த அறை!

மறுநாள் என் மனைவி ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சமையலுக்கென்று வயலிலேயே உரித்து, இறுக மூடி வைத்திருந்த பயறு. உள்ளே வண்டுகள் ஊர்ந்தன.

"என்னங்க, மூடியை நான் திறக்கவே இல்ல. இது எந்த வழியா வந்துச்சு?"

பொறி தட்டியது. காய் செடியில் நிற்கும்போதே வண்டு அதன்மேல் முட்டை வைத்துவிடுகிறது. புழு விதைக்குள் புகுந்து நம்மோடு வீட்டுக்கு வருகிறது. நான் கதவுக்குக் காவல் போட்டிருந்தேன். திருடன் மூட்டைக்குள் இருந்தான்.

அடுத்த விளைச்சலில் விடவில்லை. காய் பிடித்ததும் வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டு தடவை அடித்தேன். எல்லாம் காயட்டும் என்று காத்திராமல், காயக் காயப் பறித்தோம். பல்லில் வைத்தால் டக்கென்று உடையும்வரை உலர்த்தினோம். பிறகு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டில் மெல்லப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரி வெயில் ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, ஓரமெல்லாம் செங்கல் வைத்து உச்சி வெயிலில் விட்டேன். உள்ளே ஒளிந்திருந்த புழு வெந்தே செத்தது. ஆறியதும் காற்றுப் புகாத டிரம்களில் அடைத்தேன்.

"விதையை அவிச்சுட்டான்" என்று தெருவே சிரித்தது. ஈரச் சாக்கில் நூறு விதை எண்ணி வைத்தேன். தொண்ணூற்று நாலு முளைத்தது.

மனைவியையும் கூட்டிக்கொண்டு வியாபாரியிடம் போனேன்.

"உன் பயறா? ஆளை விடுப்பா."

"இப்ப காசு வேணாம், முதலாளி. டிரம்மெல்லாம் உங்க குடோன்லயே, உங்க வண்டுங்க நடுவுலயே இருக்கட்டும். பூட்டும் உங்களுது. மூணு மாசம் கழிச்சுத் திறப்போம். ஒரு ஓட்டை இருந்தாலும் அத்தனையும் உங்களுக்குச் சும்மா, கடனும் அப்படியே நிக்கும். இல்லேன்னா கடனைக் கழிச்சுட்டு மீதியை இதே ஆளுங்க முன்னாடி எண்ணி வைக்கணும்."

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு வருஷ உழைப்புங்க." நான் திரும்பவே இல்லை. "சரி, கொண்டா" என்றார் வியாபாரி.

மூன்று மாதம் கழித்து, என் மனைவியும் அதே கூலியாட்களும் பார்த்து நிற்க, அவர் டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினார். தட்டில் பரப்பி, கண்ணாடி மாட்டிக்கொண்டு புரட்டினார். ஒவ்வொரு டிரம்மாக அப்படியே. ஒரு ஓட்டைகூட இல்லை. நான் பையிலிருந்து நூற்கண்டை எடுத்து நீட்டினேன்.

"கோத்துக் காட்டுங்க, முதலாளி."

கூலியாள் ஒருத்தன் தும்முவதுபோல் சிரித்தான். வியாபாரி கணக்குப் புத்தகத்தில் என் கடனை அடித்துவிட்டுப் பணத்தை என் பக்கம் நீட்டினார்.

"என்கிட்ட இல்ல. பாட்டில் வச்சிருந்தவ கையில."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு விரித்தாள். அவர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார். நடுவில் இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டன. மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னேன். எண்ணினார்.