பேச்ச வுடாதக்கா

மூன்று வருடம் ஆகப்போகிறது. மழைக்காலம் முடிந்தும் கடல் அடங்காமல் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, ஒரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளும், மறுபக்கம் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுமாக நீளும் அந்தச் சாலையில்தான் இது நடந்தது.

என் தம்பி டிரெய்லர் ஓட்டுபவன். வரிசையில் அவன் வண்டி ஒரு நாளும் நிற்கும், இரண்டு நாளும் நிற்கும். வண்டி எங்கள் பக்கம் நகர்ந்து வந்ததும் போன் செய்வான். நான் டிபன் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு போவேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அம்மாவும் போன பிறகு, எங்கள் குடும்பம் என்று மிச்சமிருந்தது அந்த டிபன் கேரியர்தான்.

காத்திருக்கும் ஓட்டுநர்கள் கல்மேல் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், கைலியைத் துவைத்து உலர்த்துவார்கள். இவன் தூண்டில் போடுவான். அந்தக் கற்கள் எங்கோ ஒரு மலையை வெடிவைத்துப் பிளந்து லாரி லாரியாய்க் கொண்டுவந்து கொட்டியவை. மலையாய் இருந்தபோது அசையாதவை. இங்கே வந்து ஒன்றின் மேல் ஒன்றாய் ஏறிக் கிடந்து, அலை அடிக்க அடிக்க, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாய் இடம் மாறுகிறவை. அலை உள்ளே புகுந்து திரும்பும்போது அடியிலிருந்து ஒரு சத்தம் வரும், யாரோ கதை கேட்டு ‘ம்’ கொட்டுவதைப் போல. அன்றைக்கு முன்பு அந்தச் சத்தத்தை நான் காதில் வாங்கியதே இல்லை.

கேரியரோடு நான் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே, அவன் வண்டிக்கு முன்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் ஓடிவந்தார். தூண்டில் முள் கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டதாம். அதை எடுக்க இறங்கியிருக்கிறான். மேலே இருந்த கல் சரிந்து தொடையோடு அவனை அழுத்திவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதற்குள் மார்பு வரை தண்ணீரில் நின்றிருந்தான். அண்ணாந்து என்னைப் பார்த்தவன் கேட்டது இதைத்தான்: “சோறு கொண்டாந்தியாக்கா?”

பௌர்ணமிக்கு மறுநாள் அது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் தண்ணீர் அவன் தலைக்கு மேல் போய்விடும் என்று அங்கே நின்ற யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பாறையில் பாசி படிந்த கோடு அவன் நெற்றிக்கு மேலே இருந்தது.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். அது லாரி வரிசைக்குப் பின்னால் எங்கோ மணியடித்தபடி நகர முடியாமல் நின்றது. அதற்கு முன்பே மீன் கூடை ஏற்றுகிற, மோட்டார் வைத்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். பக்கத்துக் குப்பத்து ஆட்கள். ஐந்து பேர் கடலுக்குப் போகிறவர்கள், ஒருவர் வெல்டர், ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எப்போதோ நடந்த கபடிப் போட்டியின் சாயம் போன பனியன்தான் அவர்களுக்குச் சீருடை. நண்டு பிடிக்கப் போன அவர்கள் ஆள் ஒருவர் இதே கற்களுக்குள் மாட்டி இறந்த பிறகு, தாங்களாகவே சேர்ந்து இந்த வேலையைச் செய்துவருகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யாரும் அழைக்கலாம். காசு வாங்க மாட்டார்கள்.

மூன்று இரும்புக் குழாய்களை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தினார்கள். அதில் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி, கல்லுக்கு அடியில் கயிறு கொடுத்தார்கள். அலை உள்ளே வரும்போது எல்லோரும் சிலை மாதிரி நிற்பார்கள். அது பின்வாங்கும்போது ஒரே ஒரு இழுப்பு. அலை வரும் நேரத்தில் இழுத்தால் பக்கத்துக் கல்லும் சேர்ந்து சரிந்துவிடுமாம். ஆகவே, கடல் எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவுதான் வேலை.

ஏழு பேரில் ஆறு பேருக்குத்தான் அந்த வேலை. ஷேர் ஆட்டோக்காரர் கயிற்றைத் தொடவே இல்லை. அவர் இடைவெளிக்கு மேலே குப்புறப் படுத்துக்கொண்டு என் தம்பியோடு பேச ஆரம்பித்தார். ‘பேச்சு பிடிக்கிறது’ என்று அவர்கள் அதைச் சொல்கிறார்கள். கயிறு பிடிப்பதைப் போல அதுவும் ஓர் ஆள் வேலை. மாட்டியவர் முகம் வெளியே வருகிற வரை பேச்சு நிற்கக் கூடாது. அவருக்குத் தூக்கம் வரக் கூடாது, தனியாய் இருக்கிறோம் என்று தோன்றக் கூடாது.

“இன்னா மாமு, ரோட்ல இடம் இல்லன்னு கடல்ல பார்க்கிங் போட்டுக்கினு கீறியா?” என்று அவர் தொடங்கினார். தம்பி சிரித்தான். பல்லெல்லாம் தெரிய, குளிரில் நடுங்கிக்கொண்டே. அப்புறம் அவன் பெயரைக் கேட்டார். நான் சொன்னேன்.

“இது லைசென்ஸ்ல கீற பேருக்கா. வூட்ல இன்னா சொல்லி கூப்டுவீங்கோ?”

எனக்குத் தயக்கமாக இருந்தது. நாற்பது வயது தாண்டிய ஆம்பளையை வெளியாட்கள் முன்னால் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அது ஒரு மீனின் பெயர். எந்த மீன் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொன்னதும் குழாயைப் பிடித்திருந்தவர்கள் முகத்தில்கூட ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. “அட நம்ம ஜாதி மீனுடா!” என்றார் பேச்சு பிடித்தவர். அதற்குப் பிறகு ஏழு பேருமே அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தண்ணீர் தோளுக்கு வந்தது. கல் ஒரு விரற்கடை எழும்பும், அலை வந்து அதைத் திரும்ப உட்கார வைக்கும். தம்பியின் பதில்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆட்டோக்காரர் எழுந்து என்னிடம் வந்தார்.

“என் மொக்கைக்கு இனிமே அவரு பதில் சொல்ல மாட்டாருக்கா. நீ வந்து படு. ஒண்ணும் ஆவாது, வந்துருவன்னு மட்டும் சொல்லாத. அவருக்கும் தெரியும். திட்டு, கதை சொல்லு, இன்னா வேணா சொல்லு. பேச்ச வுடாத.”

அந்தப் பாறை ஈரமாய், முதுகெலும்பு வரை சில்லென்று இருந்தது. கையை நீட்டினால் அவன் விரல் நுனிகள் மட்டும் எட்டின. என்ன பேசுவது? மேலே சாலையில் நின்ற மீன்பாடி வண்டி கண்ணில் பட்டது. அந்தப் பெயர் அவனுக்கு விழுந்த கதையையே சொல்ல ஆரம்பித்தேன்.

அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது, ராயபுரத்தில் மாதா கோயில் தேரன்று தொலைந்துபோனான். அப்பா ஒரு பக்கம் ஓடினார், அம்மா ஒரு பக்கம். தெருவே தேடியது. இதை அவனுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். முடிவு அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, “அப்பால?” என்று கேட்பான். ‘அப்புறம்’ என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சின்ன வயதிலும் அப்படித்தான் கேட்டான். அன்றைக்கும், உதடு நீலம் பாய்ந்து, ஒவ்வொரு அலையையும் துப்பிவிட்டு, அப்படித்தான் கேட்டான்.

நீ தொலைந்ததைக் கோயில் மைக்கில் சொல்லச் சொன்னோம்டா.

“அப்பால?”

அம்மா அழுதுகொண்டே காசிமேடு வரை நடந்தாள்டா. அங்கே ஒரு மீன்பாடி வண்டி நின்றுகொண்டிருந்தது. கூடைகளுக்கு நடுவே ஒரு ஈரச் சாக்கு. சாக்கு அசைந்தது.

“அப்பால?”

அந்த அலை மற்றவற்றைவிடப் பெரிதாய் இல்லை. அது வெளியேறாமல் தங்கிவிட்டது, அவ்வளவுதான். அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. தண்ணீர் மெல்ல இறங்கியபோது அவன் தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. என் விரல்களுக்குள் அவன் விரல் நுனிகள் இருந்தன. பிடி இல்லை.

நான் நிமிர்ந்து அந்த ஆட்களின் தலைவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், பருத்த ஆள், அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பேச்ச வுடாதக்கா.”

நான் விடவில்லை. சாக்கைத் தூக்கினார்கள் என்றேன். உள்ளே நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றேன். கையில் ஒரு மீனைப் பிடித்திருந்தாய், வண்டிக்காரர் அதை வாங்கப் பார்த்தும் நீ கொடுக்கவில்லை, அம்மா உன்னை நாலு தடவை குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லை, கிடைத்துவிட்டாய் என்றேன். கல் இன்னும் எழும்பியிருக்கவில்லை. கதை முடிந்துவிட்டது. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். தேர் வந்தது, நீ தொலைந்தாய். அவன் கேட்க வேண்டிய இடங்களில் நானே சற்று நிறுத்திவிட்டு மேலே போனேன். எனக்குப் பின்னால், அலை திரும்பும் ஒவ்வொரு முறையும், சங்கிலி ஒரு கண்ணி நகரும் ஓசை கேட்டது. அவர்களும் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவருக்காகச் செய்கிற அதே கவனத்தோடு செய்தார்கள்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். “நிறுத்திக்கக்கா. வந்துட்டாரு.”

ஆட்டோக்காரர் தன் பனியனைக் கழற்றி அவன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். சாலையில் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்காமல் இருந்ததும், என் டிபன் கேரியரை யாரோ நிழலில் நகர்த்தி வைத்திருந்ததும் நினைவிருக்கிறது. வேறொன்றும் நினைவில்லை.

ஏழாம் நாள் மாதா கோயிலில் அவனுக்காக வைத்த பூசைக்கு அந்த ஏழு பேரும் வந்திருந்தார்கள். முழுக்கைச் சட்டை போட்டு, தலை வாரி, கடைசி வரிசையில் நின்றார்கள். முடிந்து வெளியே வந்ததும் நான் ஆட்டோக்காரரிடம் போனேன். இரவும் பகலும் என்னைத் தின்றுகொண்டிருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். அவன் கதையின் முடிவைக் கேட்டானா?

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் வேண்டுமானாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“தெர்லக்கா. ஆனா நாங்க ஏழு பேரும் கேட்டுக்கினு இருந்தோம்.”

பிறகு தம்பியின் வீட்டுப் பெயரைச் சொல்லி, அவனுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். என்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டிய பெயர். அதை அவர் சாதாரணமாக, நேற்றுவரை கூடவே திரிந்த ஒருவனின் பெயரைப் போலச் சொன்னார். அப்போதுதான் நான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன். அவர் தேற்றவில்லை, போகவும் இல்லை. முடிகிற வரை பக்கத்திலேயே நின்றார்.

வேலைக்குப் போகும் பஸ் இப்போதும் அந்தக் கற்களை ஒட்டித்தான் போகிறது. லாரி வரிசையில் மாட்டி அது நின்றுவிடும் நாட்களில் ஜன்னல் வழியாக, அலை பின்வாங்கும்போது கற்களின் அடியிலிருந்து வரும் அந்த ஓசை கேட்கும். எனக்கு அது “அப்பால?” என்றே கேட்கிறது. வீட்டில் குழாய் ரிப்பேர், மூட்டுவலி, நேற்று வைத்த குழம்பு என்று, உதடு அசைவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதபடி, நான் அவனிடம் பேச்சை விடாமல் சொல்லிக்கொண்டே போகிறேன்.