இரண்டு கொடிகளுக்கு நடுவே

கடலில் விளையாடுவோரின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்ப உதவி வழங்க எங்கள் கடற்கரையில் இரண்டு அரசுத் திட்டங்கள் உண்டு. இரண்டும் இருக்கின்றனவே என்ற தைரியத்தில்தான், கேளம்பாக்கத்திலிருந்து எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். முதல் திட்டத்தின் இலவசப் பயிற்சியை அவள் முடித்திருந்தாள். இரண்டு கொடிகளுக்கு நடுவில் குளித்தால் ஆபத்தில்லை என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கரையில் இரண்டு கொடிகள் இருந்தன. சரியாக நடுவில் இறங்கினாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தலை தூரத்தில் தெரிந்தது.

ஃபைபர் படகைக் கழுவிக்கொண்டிருந்த மீனவர் பாய்ந்து போய் இழுத்து வந்தார்.

"இன்னா பாப்பா, தண்ணி இழுக்குதுன்னுதானே கொடி நட்டுக்கீது? கரீட்டா அதுக்குள்ளயே எறங்குறியே!"

"நடுவுலதான் சேஃப்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க" என்றாள் இருமிக்கொண்டே.

"நானுந்தான் ட்ரெய்னிங் போனேன். வேற ஆபீஸு. இழுக்கிற எடத்துக்கு ரெண்டு பக்கமும் கொடி நடுன்னாங்க. நான்தான் நட்டேன்."

இரண்டு அலுவலகங்களுக்கும் மனு எழுதினேன். தங்கள் பயிற்சி வழிகாட்டுதலின்படியே நடந்துள்ளது என்று இரண்டும் மரியாதையாகப் பதில் அனுப்பின. பிறகு, இரண்டையும் ஒருங்கிணைக்க வந்திருக்கும் மூன்றாவது திட்டத்தின் கூட்டத்துக்குச் செங்கல்பட்டுக்கு அழைத்தார்கள். புதிதாக வேறு நிறத்தில் இரண்டு கொடிகள் நடலாம் என்று ஆலோசகர் படம் போட்டு விளக்கினார்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பொண்ணு எங்க சார் இறங்கணும்?"

"நல்ல கேள்வி மேடம். ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தேன். சுண்டலும் டீயும் நன்றாக இருந்தன என்பதையும் சேர்த்து எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகவே வேண்டாம் என்றேன். "இப்போ போகலன்னா இனிமே எப்பவும் போக மாட்டேம்மா" என்றாள். கடல் இழுத்த நாளிலிருந்து அவள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்ததை நான் பார்த்திருந்தேன். மீனவரைத் தேடிப் போய்க் கேட்டேன். கடலைச் சிறிது நேரம் பார்த்தார்.

"கொடிக்கு அந்தாண்ட எறங்கச் சொல்லுக்கா. இடுப்புக்கு மேல வாணாம். நான் இங்கதான் கீறேன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போதும் வா என்று கத்தத்தான் நினைத்தேன். நானும் முழங்கால்வரை தண்ணீரில் நிற்கிறேன் என்பது, கையிலிருந்த அவள் துண்டு நனைந்து கனத்த பிறகுதான் உறைத்தது.