பின்வளவில் இரண்டாவது குசினி

பிரேமிளாவுக்கு இருபத்து நான்கு வயதாக இருந்தபோது முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டது. அது 2009ஆம் ஆண்டு, போரின் கடைசி மாதங்கள். அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. அகதி முகாமிலிருந்து திரும்பிய நாள் முதல், கிளிநொச்சிப் பக்கத்தில் வளர்ந்துவரும் ஒரு சிறுபட்டினத்தில் அண்ணன் ஜனகனின் குடும்பத்தோடு இருக்கிறார். பின்னேரங்களில் மாமரத்தடியில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார்.

வீடு, வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே வரைபடம். முன்னால் மூன்று படி, ஒடுக்கமான குசினி வாசல், கிணற்றடிக்கு அப்பால் தனியாக மலசலகூடம். சக்கர நாற்காலி இவற்றில் எதிலும் போகாது. காலையில் ஜனகன் அவரை மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விடுவார். அவர் இல்லாத நேரங்களில் பிரேமிளா கைகளை ஊன்றி நிலத்தில் அரக்கி அரக்கிப் போவார்.

ஜனகனுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்து, பாரம் தூக்கக் கூடாதென்று வைத்தியர் சொன்ன பிறகு, பின்வளவில் தனக்கென ஒரு சிறிய வீடு கட்டுவதென்று பிரேமிளா முடிவெடுத்தார். படி இருக்காது. அகலமான கதவுகள், உள்ளேயே குளியலறை, சமைக்க ஒரு குசினி.

அண்ணி கௌசலாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் பிரேமி, நான் சமைச்சுத் தாறது காணாதோ? சனம் என்ன கதைக்கும்?"

"காணாதெண்டு இல்லை அண்ணி. எனக்குப் பசிக்கேக்க நானே அடுப்பை மூட்டோணும். அவ்வளவுதான்."

கௌசலா சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கும் தாட்சாயினி வரைபடத்தைப் பார்த்தார்.

"அறையெண்டால் அனுமதி தரலாம் அக்கா. குசினி வந்தால் அது இரண்டாவது வீடு. குடியிருப்பு வலயத்தில ஒரு காணிக்கு ஒரு வீடுதான். குசினியை வெட்டிப்போட்டுத் தாங்கோ. பிறகு உள்ளுக்கை அடுப்பு வைச்சால் ஆர் பாக்கப்போகினம்?"

"ஆரும் முறைப்பாடு குடுத்தால் இடிக்க வருவியள்தானே?"

தாட்சாயினி மறுக்கவில்லை. பட்டினத்தின் புதிய அபிவிருத்தித் திட்டம் இன்னும் வரைபாகத்தான் இருக்கிறது, பொதுமக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைக்கப் போகிறார்கள் என்றார். "விதியை மாத்தோணுமெண்டால் இப்பதான் நேரம். வாங்கோ."

கூட்டம் சபையின் மேல்மாடி மண்டபத்தில். படியேற முடியாததால் பிரேமிளா சக்கர நாற்காலியில் கீழேயே இருந்தார். ஜனகன் ஏறிப் போய்த் தாட்சாயினியிடம் விசயத்தைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். சபையின் உழவு இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டு, அது நிற்கும் கொட்டகைக்குள் கூட்டம் தொடங்கியது.

பிரேமிளா சொன்னதைக் கேட்ட சபைத் தலைவரான தவிசாளர், "உங்கட நிலைமை விளங்குது தங்கச்சி. உங்களுக்கு விசேட அனுமதி தாறம். அடுத்த கிழமையே வேலையைத் தொடங்குங்கோ" என்றார்.

ஜனகனுக்கு நிம்மதி. ஆனால் பிரேமிளா தலையாட்டவில்லை.

"எனக்கு மட்டுமெண்டால் வேண்டாம் ஐயா. என்னைப் போலக் காயப்பட்ட எல்லாரும் ஒவ்வொருத்தராய் வந்து உங்களிட்டக் கேக்கோணுமோ? ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வாற தாதிப் பிள்ளையள் வாடகைக்கு ஒரு சின்ன வீடு கிடைக்காமல் வவுனியாவில இருந்து பஸ்ஸில வந்து போகினம். வயது போனவை பெரிய வீட்டை மகளுக்குக் குடுத்திட்டுப் பின்னால சின்னதாய் ஒண்டில இருக்க விரும்பினாலும் விதி விடுதில்லை."

உறுப்பினர் பரமேஸ்வரன் எழுந்தார். "பின்வளவெல்லாம் வீடாய்ப் போனால் கிணத்துத் தண்ணி என்ன ஆகும்? மலக்குழியும் கிணறும் பக்கத்தில பக்கத்தில வந்திடும்."

"அது சரியான கதை. அப்ப தூரத்தையும் விதியில போடுங்கோ. தூரம் இருக்கிற காணிக்கு விடுங்கோ" என்றார் பிரேமிளா.

அன்று எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜனகன் கோபப்பட்டார். "கையில தந்ததை ஏன் வேண்டாமெண்டு சொன்னனி?" பிரேமிளா வீட்டுக்கு வந்து அழுததாகச் சொல்கிறார்.

அந்த மாரிமழைக் காலத்தில், சேற்றில் அரக்கிப் போய், இடுப்பில் வந்த புண் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. கூட நின்று பார்த்தவர் கௌசலா. ஒருநாள் விரிப்பை மாற்றிக்கொண்டே, "விதி விட்டாலும் விடாட்டிலும் நான் அத்திவாரம் வெட்டுவிக்கப் போறன்" என்றார்.

"பொறுங்கோ அண்ணி" என்றார் பிரேமிளா.

ஏறக்குறைய ஒரு வருடம் பொறுக்க வேண்டியிருந்தது. இறுதித் திட்டத்தில் இரண்டாவது சிறிய வீட்டுக்கு அனுமதி வந்தது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே போதிய தூரம் வேண்டும். வாசலில் படி இருக்கக் கூடாது. கதவுகள் வழியாகச் சக்கர நாற்காலி போக வேண்டும். கிணற்று நிபந்தனையை எழுதச் சொல்லி நின்ற பரமேஸ்வரன் கடைசியில் ஆதரவாகக் கையுயர்த்தினார்.

பிரேமிளா பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று கௌசலா விருந்தாளியைப் போலக் கதிரையில் இருந்து சாப்பிட்டார். கறியில் உப்புக் கூடிவிட்டதென்று சொல்லவும் செய்தார். ஒழுங்கையின் அந்தக் கடைசித் தொங்கலில் ஐயாத்துரை என்ற முதியவரும் பின்வளவில் வீடு கட்டி, முன்வீட்டை மகளுக்கு விட்டிருக்கிறார். இன்னொரு வீட்டில் இரண்டு தாதியர் வாடகைக்கு இருக்கிறார்கள்.

கடைகளுக்கும் படியில்லாத வாசல் வேண்டும் என்று பிரேமிளா கேட்டது மட்டும் ஏற்கப்படவில்லை. மருந்துக் கடைக்கு முன்னால், வீதியோரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி குரல் கொடுத்துத்தான் இன்றைக்கும் குளிசை வாங்குகிறார்.