வாய்ஸ் நோட்டின் மிச்சப் பாதி

எங்கள் லீக்குக்கு விதிமுறை எழுதியது நான்தான். பதினெட்டுப் பக்கம். அமீரகத்தில், அல் ஐனில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஒப்பந்த ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கதவுக் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், விளையாட்டை மட்டும் வாய்ப்பேச்சாக விட்டுவிடுவேனா? என் மனைவி அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கண்டிஷன் போடல" என்றாள்.

லீக் என்றதும் யாரும் மட்டையைத் தூக்குவதாக நினைக்க வேண்டாம். நாங்கள் எட்டுப் பேர். கோடையில் இந்தியாவில் நடக்கும் இருபது ஓவர் தொடரின் ஆட்டக்காரர்களை, தொடர் தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு இத்தனை பேர் என்று வரிசைப்படி பிரித்து எடுத்துக்கொள்வோம். எனக்கு வந்தவர் இன்னொருவருக்குக் கிடையாது. அவர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் எங்கள் பெயரில் புள்ளிகளாக ஏறும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நம் ஆட்களில் ஒருவரைக் கேப்டன் என்று குறித்துவிட்டால் அவருக்கு இரட்டைப் புள்ளி. லட்சம் பேர் ஆடும் செயலிகளை நாங்கள் மதிப்பதில்லை. எங்களுடையது விவரம் தெரிந்தவர்களின் லீக் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம். எந்த மைதானத்தில் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்பது வரை எங்களுக்கு அத்துப்படி. சொந்தக் காரின் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டால் விழிப்போம்.

பந்தயப் பணம் எதுவும் கிடையாது. பரிசு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பிளாஸ்க். துபாயில், தேராவில் நான் வாங்கியது. வென்றவர் தன் பெயரை டேப்பில் எழுதி அதில் ஒட்டி ஓராண்டு வைத்திருக்கலாம். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அது என் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. நடத்துகிறவனே ஜெயித்தால் நன்றாக இருக்காது, அதனால்தான் விட்டுக்கொடுக்கிறேன் என்று வெளியில் சொல்லி வந்தேன். அதெல்லாம் சும்மா. அந்த பிளாஸ்க் மேல் எனக்கு அப்படியோர் ஆசை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இடம் காலியானது. தேராவில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் மூத்த உறுப்பினர், தனக்கு வேண்டியவர் என்று ஒருவரைக் குழுவில் சேர்த்தார். சவூதியில், ஜுபைலில் ஒரு எரிவாயு ஆலையில் வால்வு டெக்னீஷியன். தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கிறார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆட்டக்காரர்களைப் பிரிப்பதை, எங்களுக்கும் அவருக்கும் பொதுவான விடுமுறை நாள் சனிக்கிழமை ஒன்றுதான் என்பதால் அன்றைக்கு வைத்தோம். அவர் தன் அறையிலிருந்து போனில் பேசினார். பின்னால் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் மனிதர் மிக நன்றாகத் தேர்வு செய்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. டாஸ் போட்டு, யார் யார் ஆடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, முதல் பந்து வரைக்கும் அரை மணி நேரம் கேப்டனை மாற்றிக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. எங்களுக்கு ஐந்தரையிலிருந்து ஆறு மணி. ஜுபைலில் நாலரையிலிருந்து ஐந்து. அந்த நேரத்தில் அவர் ஆலைக்குள் டூட்டியில் இருப்பார். உள்ளே போனை எடுத்துப் போக முடியாது. ஒரு பொறி பட்டாலே போதும், ஆபத்து. விடிகாலையில் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் கைக்குத் திரும்ப வரும்.

அதற்காகவே பதினான்காம் விதியை எழுதினேன். கேம்ப் பஸ்ஸில் போகும்போது அவர் எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும். டாஸ் இப்படி விழுந்தால் இவர், அப்படி விழுந்தால் அவர் என்று அதில் சொல்லிவிட வேண்டும். நான் மாலையில் அவர் சார்பில் அதைப் பதிவு செய்வேன். நோட்டில் சொல்லாத எதையும் நானாக யூகித்துச் செய்யக் கூடாது. நானும் ஆடுகிறவன், அவருக்கு எதிராக. என்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற நானே போட்ட பூட்டு அது. எழுதி முடித்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் குரல் வரும். "அண்ணாச்சி, வணக்கம். இன்னைக்கி என்னன்னா..." என்று ஆரம்பிப்பார். நான் திருச்சிக்காரன். என்னை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. பேசாமல் மளிகைக் கடை வைத்துவிடலாம் என்று மனைவி கேலி செய்தாள். முதல் நாற்பது விநாடியில் கேப்டன் விவரம் வந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு, ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். நோட் இரண்டு நிமிடமும் ஓடும், மூன்று நிமிடமும் ஓடும். மனிதர் ஊர்க்கதை பேசுகிறவர், பஸ்ஸில் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தைக் கேட்டதில்லை. நான்கு சீசனும் இப்படித்தான் போனது. நாங்கள் நேரில் பார்த்ததும் இல்லை.

இந்த ஆண்டு எனக்கு எல்லாமே கைகூடி வந்தது. கடைசி ஆட்டத்தின் காலையில் நான் முதலிடம். முப்பத்தோரு புள்ளி பின்னால் அவர். மற்ற ஆறு பேருக்கும் வாய்ப்பு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. அங்கே அது வேலைநாள். வழக்கம்போல நோட் வந்தது. தன்னுடைய வேகப்பந்து வீச்சாளர்தான் கேப்டன், முதலில் பந்து வீசினாலும் சரி, இரண்டாவதாக வீசினாலும் சரி, மாற்ற வேண்டாம் என்றார். கட்டைவிரலைத் தட்டினேன்.

மாலை டாஸ் போட்டார்கள். அந்த வேகப்பந்து வீச்சாளர் ஆடவில்லை. தொடைத் தசைப் பிடிப்பு.

ஆடாத கேப்டனுக்குப் புள்ளி ஏது? இரட்டிப்புக்கும் ஆள் இல்லை. பதினான்காம் விதிப்படி நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பிளாஸ்க் என் வீட்டுக்கு வந்துவிடும். மனசுக்குள் குதித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி வரும் பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துத் தினமும் பார்க்க வேண்டுமே என்றும் இருந்தது. குழுவில் விஷயத்தைப் போட்டேன்.

தேராக்காரர் உடனே கூப்பிட்டார். "எழுதுனது நீங்க தம்பி. இன்னைக்கி அவருக்காக மாத்துனா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்க. நோட்ல இல்லன்னா இல்ல. கலாஸ், முடிஞ்சுது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. போனை வைத்ததும் சார்ஜாவிலிருந்து இன்னொரு அழைப்பு. கப்பல் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், போன ஆண்டின் சாம்பியன். பிளாஸ்க் அப்போது அவர் மேசையில் இருந்தது.

"அண்ணா, ரூல் எண்டால் ரூல்தான். நான் அதில ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அவர்ட நோட்டை நீங்கள் முழுக்கக் கேட்டனீங்களோ?"

கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன், "இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்தேன்.

முதல் பந்துக்கு இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. சோபாவில் உட்கார்ந்து, நாற்பதாவது விநாடியிலிருந்து ஓடவிட்டேன். பஸ் இரைச்சல். ஒரு இருமல். பிறகு அவர் குரல்.

"அப்புறம் அண்ணாச்சி, மதினிக்கி கண் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிதா? போன வாரமும் கேட்டேன். வேலைல மறந்திருப்பீங்க. எங்கம்மைக்கும் இதே ஆபரேசன்தான், ஒரு மாசம் அடுப்புக்கிட்ட விடாதீங்க. பிறகு, இன்னைக்கி கடைசி மாட்ச்சு. நான் சொல்லாதது ஏதாச்சும் வந்திச்சின்னா நீங்களே பாத்துச் செய்ங்க. உங்க டீமுக்கு எப்படிச் செய்வீங்களோ அப்படி. நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும். எனக்கு அதுல ஒரு கவலயும் இல்ல."

மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, அதனால் புள்ளிப் பட்டியல் இரண்டு நாள் தாமதமாகும் என்று ஒரு மாதத்துக்கு முன் குழுவில் ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கு எல்லோரும் கூப்பிய கையைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மறக்காமல் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார்.

நோட்டில் சொல்லியிருந்தால் செய்யலாம். விதி இடம் கொடுத்துவிட்டது. இனி தேர்வு என்னுடையது. அவரிடம் மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர்பெற்ற தொடக்க ஆட்டக்காரர். அவரைக் கேப்டனாகப் போட்டால் எட்டுப் பேரில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. மற்றவர் ஏழாவதாக இறங்கிச் சுழற்பந்தும் போடுகிற ஆல்ரவுண்டர். அன்றைய ஆடுகளம் காய்ந்து வெடித்திருந்தது. அவரைத்தான் போட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. தொடக்க ஆட்டக்காரர் பெயரின் மேல் என் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

"யாரைப் போட்ட?" என்று மனைவி கேட்டாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "உன் டீமா இருந்தா யாரைப் போடுவ?" என்றாள். ஆல்ரவுண்டரைப் போட்டேன்.

அவர் மூன்று விக்கெட் எடுத்தார். பதினோரு புள்ளியில் தோற்றேன்.

ஜெயித்தவர் இரவு ஆட்டம் முடிந்ததும் குழுவில் நன்றி என்று ஒரு சொல் போட்டார். கேம்ப்பில் அவர் அறைக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் ஒன்றும் வந்தது. நான்கு ஆண்டில் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட இளையவர், முன்தலையில் முடி குறைவு. சிரிப்பு நன்றாக இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த சீசனின் நோட்டுகளை முதலிலிருந்து, நாற்பதாவது விநாடிக்குப் பிறகு வரும் பகுதியை மட்டும் கேட்டேன். என் முட்டிவலி பற்றி எட்டு இடத்தில் கேட்டிருந்தார். அதை என்றைக்கு அவரிடம் சொன்னேன் என்பதே எனக்கு நினைவில்லை. மெஸ்ஸில் சாம்பார் என்ற பெயரில் ஊற்றுவதைப் பற்றி விரிவாக இருந்தது. ஜுபைலில் மழை பெய்து பஸ் நின்றுபோன காலை ஒன்று இருந்தது. மகள் எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள், எல்லாரிடமும் சொன்னால் பீத்தல் என்பார்கள், அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றார். நடுவில் ஒரு நோட் மொத்தமே இருபது விநாடிதான், அதை முழுதாகவே கேட்டேன். "இன்னைக்கி மாட்ச் இல்ல அண்ணாச்சி. சும்மாதான் போட்டேன்." அதற்கும் கட்டைவிரலைத் தட்டியிருந்தேன்.

அங்கேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினேன். இரண்டு முறை பாதியில் நிறுத்தி அழித்தேன். மூன்றாவது முறை ஆறு நிமிடம் வந்தது. முட்டி இப்போது பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் பிடிக்கிறது என்றேன். மதினி நன்றாக இருக்கிறாள், அடுப்பங்கரையில் நான்தான், சாம்பாரில் உங்கள் மெஸ்ஸோடு போட்டி போடலாம் என்றேன். மகளுக்கு வாழ்த்துச் சொன்னேன். எல்லா நோட்டையும் இப்போதுதான் முழுக்கக் கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பதில் வந்தது. தொடர் முடிந்துவிட்டது, இனி கேப்டனும் இல்லை ஒன்றும் இல்லை. "மன்னிப்பெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நீங்க வேலையா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? பிளாஸ்க்க சார்ஜாலேருந்து வாங்கி நீங்களே வச்சிருங்க. இங்க வச்சா எவனாச்சும் டீய ஊத்திருவான். லீவு கிடைச்சதும் நானே வந்து வாங்கிக்கிடுதேன். சரி அண்ணாச்சி, ஆலை கேட்டு வந்திட்டு."

பேச்சு அதோடு முடிந்துவிட்டது. பதிவை நிறுத்த மறந்துவிட்டார் போல. இன்னும் பன்னிரண்டு விநாடி மிச்சம் காட்டியது. நான் நிறுத்தவில்லை. பஸ் குலுங்கும் சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கையிலிருந்து யாரோ, "காலங்காத்தால யாருகிட்டடே பேசுத?" என்றார்.

"எங்க அண்ணன்டா" என்றார் அவர். "அல் ஐன்ல இருக்காரு. நேத்துதான் பேசுனாரு."