ஜார் குடும்பத்துக்குப் பாடிய வரத்து

ராஜதுரை என் அத்தை மகன். என் கூடப்பிறந்த தங்கச்சி இசக்கித்தாயைத்தான் கட்டியிருக்கிறான். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுவான். கோவில் கொடை வந்துவிட்டால் ஊர் ஊராய் வில்லுப்பாட்டு. நாற்பது வருஷம் அவன் வில்லடித்துப் பாடினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடித்தேன்.

2017 புரட்டாசியில் கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் ஆறுமுகச்சாமி முதலாளி கூட்டிவந்த ஆட்கள் தறி செட் வாசலில் இரும்புக் கம்பியால் அடித்ததில், ராஜதுரையின் ஒரே மகன் வெங்கடேஷுக்கு மண்டை பிளந்தது. மூன்றாம் நாள் செத்தான். கேஸில் முதலாளி பேரே இல்லை.

பதினாறு கழித்த மறுநாளே தறிக்காரர் சங்கத்தில் ருஷ்யப் புரட்சி நூற்றாண்டு விழா. பிள்ளையைப் பறிகொடுத்தவன் பாட வேண்டாம் என்றார்கள். ராஜதுரை கேட்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், ஜார் குடும்பத்துக் கொலையப் பாடி முடிச்ச கையோட எல்லாவனையும் கெளப்பிருவேன். இன்னைக்கு அந்த முதலாளி வீட்டுல ஒரு உசுரு மிஞ்சாது."

"ஏலே, அவன் பொட்டப்பிள்ளைய ரெண்டும் என்னலே செஞ்சுது?"

"எம்புள்ள என்ன செஞ்சான்?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன்.

ஆறுமுகச்சாமி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மேடை. வெயில் இறங்குகிற நேரம். முன்வரிசைப் பயல்கள் இடுப்பில் அரிவாள் இருந்தது.

ஜார் ராசா படையோடு போருக்குப் போனதையும், பெண்கள் பனியில் ரொட்டிக்கு நின்றதையும் ராஜதுரை பாடினான்.

"அண்ணாச்சி, நம்ம ரேஷன் கடைய விட மோசமால்லா இருக்கு!" என்றான் ஒருத்தன்.

"அங்க பாமாயிலும் கெடையாது வே!" என்றான் ராஜதுரை.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அதோடு சரி. ஜனங்களைச் சுடச் சொன்ன அதிகாரியைப் பட்டாளத்தானே சுட்டுத் தள்ளினான். ரயில் பெட்டிக்குள் ராசா மணிமுடியே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான். பிறகு நிலவறை. ராசா, ராணி, நாலு பொட்டப்பிள்ளைகள், சீக்காளிப் பையன். புரட்சிக்காரர்கள் சுட்டார்கள். பிள்ளைகள் சட்டைக்குள் வைத்துத் தைத்த வைரத்தில் குண்டு பட்டுத் தெறிக்க, துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார்கள்.

"குத்துலே! விடாத!" என்று முன்வரிசை கத்தியது. அரிவாள்கள் மேலே வந்துவிட்டன. ராஜதுரை வில்லடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்து "வாங்கலே" என்றால் போதும்.

ஆனால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. கொலையுண்டவர் கதையைக் கொலையோடு நிறுத்தக் கூடாது. செத்தவரை அழைத்துப் பாட வேண்டும், அதுதான் வரத்து. அழைத்தால் யார் மேலாவது இறங்கும். நாற்பது வருஷப் பழக்கம், அவன் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மெட்டு மாறிவிட்டது, என் கையும் மாறியது.

"நிலவறையில் மாண்ட நாலு கன்னிமாரே, வாருங்கம்மா..."

பெண்கள் பக்கம் குலவை கிளம்பியது. இசக்கித்தாய் தலைவிரி கோலமாய் எழுந்து ஆடினாள்.

"தோழர், சாமியாட்டத்த நிறுத்துங்க!" என்று சங்கச் செயலாளர் மைக்கில் கத்தினார். அதற்குள் அவள் ஓட ஆரம்பித்திருந்தாள், ஆறுமுகச்சாமி தெருவைப் பார்த்து.

"சாமியே வழிகாட்டுதுலே! வாங்க!" என்று அத்தனை பேரும் பின்னாலே ஓடினார்கள்.

கதவு உடைந்தது. முதல் வெட்டு ராஜதுரை வெட்டினான். முதலாளியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தடுக்க வந்த வாட்ச்மேனுக்குக் கை விரல்கள் போயின. முதலாளியின் மகள்கள் இரண்டு பேரும் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருந்தார்கள். பயல்கள் அங்கே பாய்ந்தபோது, கையை விரித்துக் குறுக்கே நின்றவள் இசக்கித்தாய்.

"எங்கள ரெண்டாந்தரமும் கொல்லுவியாலே?"

முன்னால் போனவனால் ஓங்கிய கையை நிறுத்த முடியவில்லை. அரிவாள் அவள் தோளில் இறங்கியது. அவள் விழவில்லை. சாமி வந்த உடம்பில் வெட்டு விழுந்ததைப் பார்த்ததும் பயல்கள் அரிவாளைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ராஜதுரை மட்டும் ரத்தத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் துண்டால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து லத்தியால் அடித்தும் கையை எடுக்கவில்லை.

கோர்ட்டில் முதலாளியின் மூத்த மகள் சண்முகப்ரியா இரண்டும் சொன்னாள். அப்பாவை வெட்டியவர் இவர். எங்களைக் காப்பாற்றியது இவர் சம்சாரம். ராஜதுரைக்குக் கொலை முயற்சி என்று ஏழு வருஷம் தீர்ப்பானது. போன வருஷம்தான் வெளியே வந்தான்.

இசக்கித்தாய்க்கு இடது கை தூக்க வராது. ஒருநாள் கேட்டேன்: "ஏட்டி, அன்னைக்கு நெசமாவே சாமி வந்துச்சா, இல்ல நீயா செஞ்சியா?"

"உனக்கு எதுக்குண்ணே அது? அந்தப் பொட்டப்பிள்ளைய ரெண்டும் உசுரோட இருக்குல்லா" என்றாள்.