ஊத்துக்கு முந்தின வளைவில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் தந்தார்கள். நான் நன்றாக எழுதுவேன் என்பதற்காக அல்ல. உள்ளதை எழுதினால் பெரியத்தான் கோபித்துக்கொள்வார் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே நான் ஒப்புக்கொண்டேன்.

அக்கா பழனி அடிவாரத்தில் பூக்கட்டி விற்கும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. யுத்தகாலத்து அரிசித் தட்டுப்பாட்டில், "எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லியே தன் சோற்றை எங்களுக்குத் தள்ளியவர் அவர். அத்தனை நாள் வயிற்று நோயோடு ஒருவர் எப்படி மாலை கட்டினார் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பசித்தவனுக்கு ஏது யோசனை?

வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவில் ஒரு வீடு, கொடைக்கானல் பஜாரில் ஒரு மளிகைக் கடை, ஒரு வாடகைக் கார். அந்த அண்ணனைத்தான் நாங்கள் பெரியத்தான் என்போம். காரோ, துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போனது.

அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். அக்காவின் கையில் இரண்டு பெண் குழந்தைகள். கருமாதிப் பந்தலைப் பிரிக்குமுன் பெரியத்தான் பங்கைப் பிரித்தார். வீடும் கடையும் அவருக்கு, கார் அக்காவுக்கு.

"ஓடுற முதல்மா. மலையேறி எறங்கிக்கிட்டு இருந்தா ராணி மாதிரி இருக்கலாம்" என்றார்.

ஓடுகிற முதல்தான். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் டிரைவர் ஆனேன். என் வீரத்தைச் சொல்ல வேண்டும். என்ஜின் கொதித்து முதன்முதலாக ஆவி வந்த அன்று, வண்டி உருளாமல் இருக்க ஓடிப்போய்க் கல் வைத்தேன். ஏற்றத்தில் நிற்கிற வண்டிக்கு முன்சக்கரத்தின் முன்னால் வைத்தேன். இன்னொரு நாள் சூட்டோடு மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த சீசன் முழுவதும் புருவம் இல்லாமல் ஓட்டினேன். வெள்ளைக்காரப் பயணிகள் என்னை ஏதோ மதத்துச் சாமியார் என்று நினைத்து மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

பெரியத்தான் ஊரெல்லாம் சொன்னார்: "வண்டி தங்கம். அவ தம்பிக்காரன் ஓட்டத் தெரியாம கொதிக்க வைக்கிறான்." நம்பினார்கள். என் முகத்தைப் பார்த்தால் நானே நம்புவேன்.

அக்கா பண்ணைக்காட்டுச் சித்தப்பாவிடம் முறையிட்டார். எங்கள் இரு வீட்டுக்கும் பெரியவர் அவர். அவர் சொன்னது இது:

"பேசிப் பிரயோசனமில்ல. எல்லாரும் ஏறுவோம். காமக்காபட்டியில தண்ணி நெரப்பு. நல்ல வண்டின்னா ஊத்து வரைக்கும் மறுபடி தண்ணி ஊத்தக் கூடாது. போயிருச்சுன்னா பிரிச்ச பங்கு சரி. போகலேன்னா கொடைக்கானல் கடை அவளுக்கு."

மலையேறாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காமக்காபட்டி மலையடியில் இருக்கும் ஊர், ஊத்து என்பது பாதி மலையில் இருக்கும் ஊர்.

புறப்படுமுன் அக்கா என் காதைத் திருகினார். "வண்டி கொதிக்கணும், கடை கெடைக்கணும். நீ பதறிப்போய் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துன, தொலைச்சுப்புடுவேன்."

பெரியத்தான் முன்சீட்டில் ஒரு கூஜாவோடு ஏறினார். "குடிக்கிறதுக்கு" என்றார். பின்னால் அக்காவும் சித்தப்பாவும்.

வண்டி அன்றைக்கென்று ஒழுங்காக ஏறித் தொலைத்தது. அக்கா என் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவது எனக்குச் சுட்டது. ஊத்துக்கு முந்தின வளைவில்தான் முன்னால் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. எங்களுக்குச் சாதகமான ஆவி! நான் மகிழ வேண்டும். ஆனால் பயத்துக்குக் கட்சி தெரியுமா? பிரேக்கை மிதித்தேன். மேலே ஊத்துக் கடைகளின் கூரை தெரிந்தது. ஊர் வந்துவிட்டது, உயிர் பிழைத்தோம் என்ற நினைப்பில், "ஊத்து! ஊத்து!" என்று அலறினேன்.

பெரியத்தானுக்கு அது வேறுமாதிரிக் கேட்டிருக்கிறது. கூஜாவோடு குதித்தார். முன்னால் ஓடினார். மடியிலிருந்து ஒரு சவுக்காரக் கட்டியை எடுத்தார். குனிந்து, ரேடியேட்டரின் அடியில் வலது மூலையில் அதை வைத்து அப்பினார். தேடவில்லை, தடவவில்லை, நேரே அந்த மூலைக்கே கை போனது. "ஓட்டைய அடைச்சிட்டேன், மூடியத் தெறடா, ஊத்திருவோம்!" என்று என்னைக் கூப்பிட்டார்.

அக்கா இறங்கினார்.

"பெரியத்தான், வண்டி தங்கம்னீங்களே! நாங்க யாரும் இன்னும் எறங்கிக்கூடப் பாக்கல. ஓட்டை அந்த மூலையிலதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"பொதுவா... இந்த மாதிரி வண்டியில அங்கனதான் ஒழுகும்."

"பொதுவாத் தெரிஞ்சவரு சவுக்காரத்த மடியில கட்டிக்கிட்டா வருவாரு? ஊத்துல குளிக்கவா வந்தீங்க?"

சித்தப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏலே, தாலியறுத்த பிள்ளைக்குப் பங்கு குடுத்தியா, ஓட்டையக் குடுத்தியா? சாவிய எடு."

கடைச் சாவி பெரியத்தானின் அரைஞாணில் முடிச்சுப்போட்டுக் கிடந்தது. விரலெல்லாம் சவுக்காரம். முடிச்சு வழுக்கியது. அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை, உதவவும் இல்லை. பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம், ஒரு பெண்ணின் முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளியும் மனிதரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல காட்சியைக் கொடைக்கானலில் நான் பார்த்ததில்லை.

அதன்பின் கடை அக்காவுடையது. விறகு, சீமெண்ணெய், கம்பளி எல்லாம் விற்றார். இரண்டு பெண்களையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். காருக்கு வேறு ரேடியேட்டர் மாட்டினார். பழையதை எறியவில்லை. மற்றவர்கள் திருஷ்டிப் பூசணி கட்டும் இடத்தில், கடைவாசலில் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளிதோறும் அதற்குச் சாம்பிராணி. பெரியத்தான் எப்போது வந்தாலும் அதற்குக் கீழே தலை குனிந்துதான் நுழைய வேண்டும். அவர் கொஞ்சம் உயரம்.

போன குளிரில் நெஞ்சுச்சளி முற்றி அக்கா படுத்தார். பெரியத்தான் கமலாப்பழத்தோடு வந்தார், கண் கலங்கினார், அக்கா நன்றாகப் பேசி அனுப்பினார். அவர் போனதும் எங்களைக் கிட்டே அழைத்தார்.

"எனக்குப் பொறகும் அவரு வருவாரு. வயிறு நெறையச் சாப்பாடு போடுங்க. நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க."

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டருக்கும் நர்ஸ் அம்மாவுக்கும், தன் கடையைச் சாத்திவிட்டு எங்கள் கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடை பாய்க்கும், பேத்துப்பாறையிலிருந்து நடந்தே வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியத்தானும் இன்று வந்திருக்கிறார், இதே மலர் அவர் கையிலும் இருக்கிறது. பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் போட்டிருக்கிறோம். அக்கா சொன்ன மற்றதையும் தட்டவில்லை என்பதற்கு இந்தப் பக்கங்களே சாட்சி.