சொட்டு நீலம் போட்ட சட்டை

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் கலர் கரெக்‌ஷன் பார்ப்பதுதான் என் வேலை. கல்யாண ஆல்பம் வந்தால் சந்தோஷமாகச் செய்வேன். காரியத்துக்குப் படம் போட வருகிறவர்கள் என்றால் எனக்குப் பயம். ஆல்பத்தில் ஒரு முகம் சொதப்பினால் அடுத்த படத்தில் எடுத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு அடுத்த படம் கிடையாது.

பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பைபாஸில் பைக் விபத்து, மகன் போய்விட்டான். மறுநாள் காரியம், படத்திறப்பு. கையில் மகனுடைய போன். மயிலத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே நிற்கிறான். முகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

"எம்புள்ள இப்பிடி இருக்க மாட்டாம்மா. அவன் கலருல குடு, போதும்" என்றார்.

இதில் என்ன கஷ்டம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒயிட் பேலன்ஸ் என்பது, படத்தில் எது வெள்ளை என்று சாப்ட்வேருக்குக் காட்டிக்கொடுப்பது. மற்ற கலரையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். பையன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வெள்ளையைத் தொட்டுக் காட்டும் டிராப்பரை எடுத்துக் காலரில் வைத்தேன். முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல ஆகிவிட்டது. நீலம் போட்டு வெளுத்த சட்டையை வெள்ளை என்று காட்டினால், சாப்ட்வேர் முகத்தில் இருக்கும் நீலத்தையும் அளவுக்கு மீறி எடுத்துவிடும். நம் ஊரில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழும் குழி, அன்றைக்கு நானும் விழுந்தேன்.

"சட்டைக்கு நீலம் போடுவீங்களாம்மா?"

"நான்தான் போட்டேன். ரெண்டு சொட்டு ஜாஸ்தியா வுட்டுட்டேன். கல்யாணத்துக்குப் போற நேரத்துல இன்னாம்மா இப்பிடி பேஜாரு பண்றன்னு கத்திக்கினே போட்டுக்கினு போனான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நீலத்தைக் கூட்டிக் குறைக்கும் டெம்பரேச்சர் ஸ்லைடரைக் கையால் நகர்த்தினேன். நீலம் போயிற்று. அடியில் முகம் இல்லை. போனே முகத்தை வெளுப்பாக்கிவிடும் பியூட்டி மோடில் எடுத்த படம். மாவு பூசின மாதிரி வழவழவென்று ஒரு வெள்ளை. வேறு படம் தேடினேன், கேலரி முழுக்க அதே வெள்ளை. ஆதாரில் இருந்தது பள்ளிக்கூட வயது முகம்.

"பொண்ணு பாத்த எடத்துலலாம் பையன் கருப்புன்னுட்டாங்க மேடம். அதுலேர்ந்து இப்பிடித்தான் எடுத்துக்கினு இருந்தான்" என்றார் அம்மாவின் தம்பி.

அம்மா தன் கையை மானிட்டர் பக்கத்தில் நீட்டினார். "அவன் என் கலருதாம்மா. இதப் பாத்து போடு."

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து டோனை இறக்கினேன். கறுப்பு வந்தது. ஆள் வரவில்லை. அம்மா திரையில் அவன் கன்னத்தைத் தொட்டார்.

"இங்க அம்ம போட்ட தழும்பு ஒண்ணு இருக்குமே, எங்க போச்சும்மா?"

போன் தின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தழும்பு எந்த வடிவம் என்று எனக்குத் தெரியாது. வரைந்து வைத்தால் அது இன்னொருவன் கன்னம்.

திரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அம்மாவே சொன்னார். "யாரோ மாரி இருக்கான். வுட்ருமா. வெள்ளையாவே போட்டுக் குடு. அவனுக்கு அதான ஆச."

அப்படியே பிரிண்ட் போட்டு பிரேம் மாட்டிக் கொடுத்தேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. தம்பி கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, எந்த நிறம் ஏறியிருந்தாலும் இறக்கிவிடலாம். அழித்ததை எந்த ஸ்லைடரும் திருப்பித் தராது. வீட்டில் இருப்பவர்களை ஒருமுறையாவது, எந்த மோடும் போடாமல், வெளிச்சத்தில் நிற்க வைத்து எடுத்து வையுங்கள். கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.